என் நம்பரில் வந்த சொல்

புதன்கிழமை பிற்பகலிலிருந்தே டாயெங் ஜாரேயின் செல்போனில் டவர் இல்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். அறுக்க வேண்டிய குதிரை கொல்லையில் கட்டிக் கிடந்தது. உப்பளத்தில் மூன்று பாத்தி உப்பு வாரப்படாமல் இருந்தது. போன் வாயை மூடிக்கொண்டதில் அவருக்கு ஒருவகை நிம்மதிதான்.

ஆனால் அது சாதாரண நம்பர் இல்லை. பதினெட்டு வருஷமாக ஒரே நம்பர். உப்புக் கிடங்கின் சுவரில் ஒரு முழ உயரத்துக்கு நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. ஜெனெபொன்தோ கடற்கரையில் டாயெங் என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்தும் அவர் பெயரை வாயால் சொல்லக் கூசுகிறவர்கள்கூட அந்த நம்பரைக் கூப்பிடுவார்கள். அதில் அவர் அதிகம் பேசியதில்லை. ஆகும் என்பார், இல்லையென்றால் ஆகாது என்பார். அந்த நம்பரிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் கரையில் யாரும் மறுபடி கேட்பதில்லை.

வியாழன் காலை மகள் ஹஸ்னா வந்து நின்றாள். அப்பாவை அவள் தெத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"தெத்தா, எல்லார் போனும் நல்லாத்தான் இருக்கு. உங்களுது மட்டும் செத்துக் கிடக்கு."

"கடல் காத்து. டவர் எடுக்காது."

"காத்து உங்க போனை மட்டும் தேடிப் பிடிச்சு அடிக்குதா? உங்க அடையாள அட்டையைக் கொடுங்க. டவுன் சேவை மையத்துல காட்டிட்டு வர்றேன்."

"கல்யாணப் பொண்ணு ரோட்டுல திரியக் கூடாது. முஸ்பாவை அனுப்பு."

"முஸ்பா குதிரையைப் பிடிச்சிட்டு நிக்கிறான். நான் போய்ட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுவேன்." பதிலுக்குக் காத்திராமல் அவர் பையிலிருந்து அட்டையை எடுத்து, மோட்டார்சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

முஸ்பா ஜாரேயின் தங்கை மகன். தங்கை இறந்த பிறகு பத்து வயதில் இந்த வீட்டுக்கு வந்தான். குடும்ப அட்டையில் ஹஸ்னாவின் பெயருக்குக் கீழே அவன் பெயர் இருந்தது. இப்போது இருபத்தாறு வயது. கரண்ட் ஆபீஸ், நில ஆபீஸ், லாரிக் காகிதங்கள் என்று எல்லா அலைச்சலும் அவன் தலையில்தான். குடும்ப அட்டையின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவனே வைத்திருந்தான். போன வருஷம் ஒருநாள் மாமன் முன்னால் வந்து உட்கார்ந்து, ஹஸ்னாவைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டான். ஜாரே "ஆகாது" என்றார். ஏன் என்று அவன் கேட்கவில்லை. எழுந்து உப்பு வாரப் போய்விட்டான். விஷயம் அத்தோடு முடிந்தது என்று ஜாரே இருந்துவிட்டார்.

குதிரை இலேசில் போகவில்லை. குதிரைக்கறி இல்லாத விருந்தை அந்தப் பக்கத்தில் யாரும் விருந்து என்று சொல்ல மாட்டார்கள். அதனால் ஜாரே நல்ல திடமான குதிரையாகப் பார்த்து வாங்கியிருந்தார். கால்களைக் கட்டிச் சாய்த்தபோது அது ஒரு ஆளின் விலா எலும்பை உதைத்து முறித்தது. நான்கு பேர் மேலே ஏறி அமுக்கினார்கள். முஸ்பா தலைக்கயிற்றை முழங்காலில் சுற்றி இழுத்துப் பிடித்தான். இமாம் கத்தியை ஒரே இழுப்பில் இழுத்தார். இரத்தம் மணலில் பாய்ந்து பூவரச மரத்தடிவரை ஓடியது. கால்கள் வெகுநேரம் வெட்டி வெட்டி இழுத்தன.

தோலை உரித்துத் தொடைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ரோட்டில் மோட்டார்சைக்கிள்களின் சத்தம் கேட்டது. ஒன்பது வண்டிகள். முன் வண்டியில் சம்பந்தி ஆகப்போகிற டாயெங் நாப்பா. குதிரை வியாபாரி. ஜாரேயைவிட இரண்டு வயது இளையவர். பின்னால் அவர் தம்பி லேவாவும் பங்காளிகளும். எல்லோர் இடுப்பிலும் பாடிக் கத்தி செருகியிருந்தது. கல்யாண வீட்டுக்கு உறையை முதுகுப் பக்கம் தள்ளிவைத்துக்கொண்டு வருவதுதான் வழக்கம். இவர்கள் வயிற்றின் மேலேயே வைத்திருந்தார்கள்.

லேவா வண்டியை நிறுத்தவே இல்லை. வாசலில் மூங்கிலும் தென்னங்குருத்துமாகக் கட்டியிருந்த கல்யாண வளைவின் மேல் நேராக விட்டான். ஒரு பக்கக் கால் முறிந்து வளைவு முழுதும் சாய்ந்து விழுந்தது.

"வாங்க" என்றார் ஜாரே, இருந்த இடத்திலிருந்து அசையாமல். "வாசல் அகலமாத்தான் இருக்கு. கண்ணு தெரியலைன்னா இறங்கித் தள்ளிட்டு வரலாம்."

"கண்ணு நல்லாத் தெரியுது. எழுத்தும் தெரியுது" என்று லேவா தன் போனைத் தூக்கிக் காட்டினான். "அடிமைப் பொறப்புக்கு எழுத்து தெரியாதுன்னு நெனச்சியா, டாயெங்?"

நாப்பா தம்பியைக் கையால் தடுத்தார். முகம் சாம்பலாக இருந்தது. தன் போனை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி வாசித்தார்.

"'உன் தாத்தன் எங்க லாயத்துல சாணி அள்ளினவன். சந்தையில விலைக்கு வாங்கின ஆளு. அந்த இரத்தத்துக்கு என் பொண்ணைக் கொடுத்தா எங்க கெணத்துத் தண்ணி நாறும். நீ அனுப்பின சீரைத் தூக்கிட்டுப் போக மாட்டுவண்டி அனுப்பு.'" கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து சாயங்காலம் வந்துச்சு. நான் மூணு தடவை கூப்பிட்டேன். மணி அடிச்சுது. எடுக்கலை. இது உன் நம்பர்தானே?"

குதிரையை உரித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றுவிட்டன. ஒரு மனிதனை அடிமை வம்சம் என்று சொன்னால், சொன்னவன் அன்றைய சூரியன் அடைவதைப் பார்க்க மாட்டான் என்பது அந்தக் கரையின் கணக்கு.

ஜாரே போனை வாங்கிப் பார்த்தார். நம்பர் அவருடையது. எழுத்து அவருடையது அல்ல. நான் எழுதவில்லை, என் போன் நேற்றிலிருந்து செத்துக் கிடக்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் இடித்த வாசல் வழியாக நுழைந்து, முற்றத்தில் நின்று, பதினாறு கத்திகள் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் கேட்கிறான். இப்போது 'நான் இல்லை' என்றால் அது பயத்தில் சொன்ன சொல்லாகத்தான் காதில் விழும். தன் பெயரையே எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டால், பிறகு எந்த முகத்தோடு மகளைக் கட்டிக்கொடுப்பது?

"என் நம்பர்தான்" என்றார். "என் நம்பர்ல வந்தது என்னோடது."

லேவா உருவினான். அவன் இரண்டு எட்டு வைப்பதற்குள் குதிரை அறுக்கிறவர்களில் ஒருவன் குறுக்கே விழுந்தான். லேவாவின் முழங்கை அவன் மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இந்தப் பக்கத்து ஆட்கள் கறிக்கத்திகளோடு எழுந்தார்கள். கொப்பரை கவிழ்ந்து கொதிக்கிற தண்ணீர் ஒருவனின் கணுக்காலை உரித்தது. வந்தவர்களில் ஒருவன் கையைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான், விரல் இடுக்கில் இரத்தம் சொட்டியது. முஸ்பா ஈரல் தட்டைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான்.

"நிறுத்துங்கடா!" என்று நாப்பா கத்தினார். "இது ரெண்டு கிழவனோட விஷயம். பசங்க செத்து ஆகப்போறது ஒண்ணுமில்ல." தோளில் கிடந்த மூட்டிய கைலியை எடுத்து உதறினார். "இதுக்குள்ள வர்றியா, டாயெங்?"

முற்றம் அடங்கிப்போனது. ஒரே கைலிக்குள் இரண்டு பேர் கத்தியோடு நிற்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை, அப்பன் சொல்லக் கேட்டதுதான். விதி மட்டும் எல்லோருக்கும் தெரியும். துணிக்குள்ளே தீர்ந்தது தீர்ந்ததுதான். செத்தவனுக்காகவோ பிழைத்தவனுக்காகவோ அண்ணனும் மகனும் பேரனும் அதைப் பற்றி அப்புறம் வாய் திறக்கக் கூடாது.

"வர்றேன்" என்றார் ஜாரே.

சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஹஸ்னா வந்துசேர்ந்தாள். முறிந்து கிடந்த வளைவின் மேல் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தகப்பனின் கையைப் பிடித்துக் கிணற்றுப் பக்கம் இழுத்துப் போனாள். மூச்சு வாங்கியது.

"தெத்தா, உங்க சிம்மு செத்ததே வேற சிம்மு உயிர் வந்ததாலதான். நேத்து மத்தியானம் மகாசர் நகரத்துல இதே நம்பருக்குப் புதுச் சிம்மு வாங்கியிருக்காங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி. குடும்ப அட்டை நகல் கொடுத்து, நீங்க கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு கடிதாசி கொடுத்து. வாங்கினவன் பேரு கம்ப்யூட்டர்ல இருக்கு. நானே கண்ணால பார்த்தேன்."

அவள் பெயரைச் சொல்லவில்லை. ஈரல் தட்டைப் பிடித்திருந்தவன் பக்கம் பார்த்தாள். ஜாரேயும் பார்த்தார். முஸ்பா தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் நம்பரை முடக்கச் சொல்லிட்டேன். இனி அதுலேர்ந்து எதுவும் போகாது. திரும்பத் திறக்கணும்னா நீங்களே நேர்ல வரணுமாம். இப்போ போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

"வாயை மூடு."

"அவனுக்காகச் சாகப் போறீங்களா?"

"அவனுக்காக இல்ல. சொன்னா இந்த இடத்துலயே லேவா அவன் கழுத்தை அறுத்துடுவான். அப்புறம் நம்ம ஆளு லேவாவை அறுப்பான். ஞாயித்துக்கிழமை உனக்குக் கல்யாணமா, பத்துப் பேருக்கு அடக்கமா?"

"அப்ப எனக்காகவா?"

"உள்ள போ."

"போக மாட்டேன். பார்த்துட்டுத்தான் நிப்பேன்" என்று அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இமாம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. கைலியை இருவர் தலை வழியாகவும் போட்டு அக்குள்வரை இழுத்துவிட்டார்கள். இடது கை துணிக்கு வெளியே ஒருவர் தோளை ஒருவர் பற்றியிருக்க வேண்டும், வலது கை கத்தியோடு உள்ளே. நாப்பாவின் வாயில் கிராம்பு வாசனை அடித்தது. முப்பது வருஷப் பழக்கத்தில் இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தை ஜாரே பார்த்ததில்லை. காதோரத்தில் ஒரு மருகூட இருந்தது.

"போ!" என்று லேவா கத்தினான்.

நாப்பாவின் கத்தி உடனே வந்தது. ஜாரே வயிற்றை உள்ளிழுத்தார். முனை விலாவின் மேல் தோலைக் கிழித்துக்கொண்டு போனது. நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. இரண்டாவது குத்தைத் தன் கத்தியின் முதுகால் தட்டிவிட்டார். கால்கள் மணலைக் கிளப்பின. துணி முறுகி இரண்டு உடம்பையும் ஒன்றாக இறுக்கியது. மூன்றாவது குத்து முழங்கைக்கு மேல் இறங்கியது. கைலியின் கட்டங்களில் சிவப்பு பரவியது. வெளியே கூட்டம் ஊளையிட்டது.

"ஏன்டா திருப்பிக் குத்த மாட்டேங்குற?" என்று நாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்குள் கேட்டார்.

"நான் எழுதலை" என்றார் ஜாரே, உதடு அசையாமல்.

கத்தி நின்றது.

"அதை முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"உன் தம்பிக்கு முன்னாடியா? கையைக் கட்டிக்கிட்டு நின்னு சொல்லச் சொல்றியா? கொஞ்சம் முண்டு. பார்க்கிறாங்க."

இருவரும் தோளோடு தோள் மோதிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஜாரேக்குத் தலை கிறுகிறுத்தது.

"யாரு எழுதினது?"

"என் வீட்டு ஆளு. என் நம்பரைத் திருடிட்டான்."

"பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லு. இல்லைன்னா குடலை எடுத்துருவேன்."

"எடு. அவன் பேரு என் குடும்ப அட்டையில என் பேருக்குக் கீழ இருக்கு. அவனை வெட்டுறதும் விடுறதும் என் கையில. உன் கையில இல்ல."

நாப்பா தோளிலிருந்த பிடியை இறுக்கினார். பிறகு, "அப்ப என் தாத்தனைச் சொன்ன சொல்லு? ஊரே கேட்டுச்சே. அதை யாரு எடுத்துக்கிறது?"

"என் நம்பர்ல வந்துச்சு. என் உடம்புல எடுத்துக்கோ. கல்யாணம் மட்டும் நடக்கணும்."

"நிஜமாவா?"

"நான் எத்தனை தடவை சொல்லணும்?"

நாப்பா குத்தினார். வலது தொடையில், எலும்பில் மோதும்வரை. ஜாரேயின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அந்தக் காலையில் குதிரையிடமிருந்து வந்த சத்தத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் தோளிலிருந்த பிடியை அவர் விடவில்லை.

"எனக்கும் ஒண்ணு போடு" என்று நாப்பா முணுமுணுத்தார். "கட்டிப்போட்ட ஆட்டைக் குத்திட்டு வந்தான்னு என் வீட்டுக்காரியே சிரிப்பா."

ஜாரே நாப்பாவின் முன்கையை மணிக்கட்டிலிருந்து மேலாக ஒரு சாண் கிழித்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிழித்தார்.

"கிழட்டுக் கழுதை" என்றார் நாப்பா.

இருவரும் துணியை உதறிக்கொண்டு வெளியே வந்தார்கள். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், இரண்டு பேரும் இரத்தம். நாப்பா கையைத் தூக்கி, "தீர்ந்துச்சு" என்றார். லேவா வாயைத் திறந்தான். "தீர்ந்துச்சுன்னு சொன்னேன்!" என்று அவர் உறுமியதும் கத்தியை உறையில் போட்டான். உறை முதுகுப் பக்கம் போகவில்லை.

ஜாரே தொடையில் கைலியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, நொண்டியபடி போய்க் கறி வெட்டும் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"முஸ்பா."

அவன் வந்தான். தட்டு கையிலேயே இருந்தது. ஹஸ்னா அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அதைக் கொடு."

முஸ்பா தன் போனின் பின்மூடியைக் கழற்றி, நகத்தளவு சிம் கார்டை எடுத்து மாமன் கையில் வைத்தான். கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. லேவா ஒரு எட்டு முன்னால் வந்தான். நாப்பா கிழிந்த கையால் அவன் மார்பைத் தள்ளினார். துணிக்குள் தீர்ந்தது என்று சொல்லியாகிவிட்டது. இனி லேவா தொட்டால் அவன்தான் மானம் கெட்டவன்.

"கையை வை."

"மாமா, நான் மானமாத்தான் வந்து கேட்டேன்." என்றான் முஸ்பா. "பதினாறு வருஷம் இந்த வீட்டுக்கு உழைச்சவன். ஏன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லலை."

"ஏன்னு தெரியணுமா? அவ வேண்டாம்னு சொன்னா. பொண்ணு வேண்டாம்னு சொன்னது வெளிய தெரிஞ்சா உனக்கு அசிங்கம்னு, நான் ஆகாதுன்னு சொன்னதா வெச்சுக்கிட்டேன். ஒரு வருஷமா நீ என்னைத் திட்டிக்கிட்டு இருந்தே. பரவாயில்லைன்னு இருந்தேன்."

முஸ்பா ஹஸ்னாவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. "ஆமா" என்றாள். "நான்தான் சொன்னேன். தெத்தாவைக் கேட்டதுக்குப் பதிலா என்னைக் கேட்டிருந்தா உன் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருப்பேன்."

அவன் தானாகவே வலது கையைக் கட்டையின் மேல் வைத்தான். ஜாரே எலும்பு உடைக்கும் கத்தியை எடுத்துத் திருப்பி, முதுகுப் பக்கத்தால் கட்டைவிரலின் மேல் ஓங்கி அடித்தார். முஸ்பா முழங்காலில் விழுந்தான்.

"மத்தது."

இரண்டாவது கட்டைவிரலையும் வைத்தான். அதையும் உடைத்தார். முஸ்பா மணலில் நெற்றியை வைத்துக்கொண்டு மாட்டைப்போல மூச்சுவிட்டான். அந்த விரல்களால் அவன் இனி ஒரு வரி எழுத ரொம்ப நாளாகும்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்படியே போயிடு" என்றார் ஜாரே. "திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் உன் பேரை அட்டையிலேர்ந்து எடுக்கச் சொல்றேன். அதுவரைக்கும் நீ என் வீட்டு ஆளு. யாரும் உன்னைத் தொட மாட்டாங்க. அதுக்கப்புறம் ஜாரேயோட தங்கச்சி மகன்னு எங்கயும் சொல்லிக்காதே."

நாப்பாவின் ஆட்கள் இறங்கி, விழுந்த வளைவைத் தாங்களே தூக்கி நிறுத்த ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் தொடையில் பதினோரு தையல் போட்டு, பத்து நாள் எழுந்திருக்கக் கூடாது என்றாள். வெள்ளிக்கிழமை காலை ஜாரே லாரியில் ஏறி டவுனுக்குப் போனார். சேவை மையத்தில் நாற்காலி போட்டார்கள், உட்கார மறுத்தார். அடையாள அட்டை, அசல் குடும்ப அட்டை இரண்டையும் மேஜையில் வைத்தார்.

"ஐயா, முடக்கின நம்பர்" என்றாள் அங்கிருந்த பெண். "இதுல ஏதோ தப்பான மெசேஜ் எல்லாம் போயிருக்குன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. பேசாம புது நம்பர் எடுத்துக்குங்க. நாலு எட்டு வர்ற மாதிரி ஒண்ணு இருக்கு. அதிர்ஷ்ட நம்பர்."

"அதே நம்பர்."

"யாராவது பழைய ஆளுங்க கூப்பிட்டு ஏதாவது சொன்னா?"

"சொல்லட்டும். அதுக்குத்தான் கேட்கிறேன்."

கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் போனில் சிக்னல் கோடுகள் ஏறின. வாசலுக்கு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு நாப்பாவின் நம்பரை அழுத்தினார். வெகுநேரம் மணி அடித்தது.

"யாரு?" என்றது நாப்பாவின் குரல், சந்தேகத்தோடு.

"ஜாரே."

"எந்த ஜாரே?"

"எத்தனை ஜாரேகிட்ட பொண்ணு எடுக்கிறதா இருக்கே?"

"நீதான்னு நான் எப்படி நம்புறது? இந்த நம்பரை எனக்கு இப்போ நம்பிக்கை இல்ல."

"வலது தொடை. பதினோரு தையல். குத்துறவன் நேராக் குத்தியிருந்தா எட்டுல முடிஞ்சிருக்கும்னு நர்ஸ் சொன்னா."

மறுபக்கத்தில் நாப்பா சிரிக்க ஆரம்பித்து, கை வலியில் பாதியில் நிறுத்தி முனகினார்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிட்டு எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

"பத்து மணிக்கு. உன் தம்பியை வண்டியைத் தள்ளிட்டு வரச் சொல்லு."